பிழைத்து வந்தவர்கள் எழுதியது

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். ஓசூரில் கம்பெனி வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் புத்தகம் பிடித்தது. அதிலும் ஒரே வகை: கடலில் தத்தளித்துக் கரைசேர்ந்தவர்களின் உண்மைக் கதைகள். சூளகிரியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போகவர, அதே மாதிரிப் படங்களைச் செல்போனில் பார்ப்பேன். சட்டையில் மழையைப் பிடித்துப் பிழிந்து குடித்தவர், கண்ணெதிரே ஒரு கப்பல் நிற்காமல் போனதைப் பார்த்தவர். கடலை நேரில் பார்த்ததில்லை. எனக்குக் கடல் என்றாலே அதுதான்.

தம்பிக்குச் சரக்குக் கப்பலில் வேலை கிடைத்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை.

"சுத்தித் தண்ணி இருக்கும், ஒரு வாய் குடிக்க முடியாதுடா."

"கப்பல்ல ஃபில்டர் இருக்குதுக்கா" என்று சிரித்தான்.

அம்மா முடிவை மாரியம்மனிடம் விட்டார். எங்கள் பக்கம் பூ கேட்பது வழக்கம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சாமி முன்னால் வைத்து ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் கூடாது. பொட்டலங்களை என்னை மடித்துத் தரச் சொன்னார் அம்மா. நான் இரண்டிலும் செவ்வரளியை வைத்து மடித்தேன்.

தம்பி எடுத்தான். சிவப்பு. "ஆத்தாளுக்கு இஷ்டமில்ல" என்றார் அம்மா. தம்பி மிச்சப் பொட்டலத்தைக் கிணற்றில் போடுவதாகச் சொல்லி எடுத்துப் போனான்.

ஆறு வருஷமாக இங்கேயே ஒரு கம்பெனியில், தகடு அழுத்தும் பிரஸ் மெஷினில் நிற்கிறான். வர அரை மணி தாமதமானால் மூன்று முறை போன் செய்துவிடுகிறேன்.

போன ஞாயிறு மத்தியானம் என்னோடு உட்கார்ந்து படம் பார்த்தான். உடைந்த படகில் கிடந்தவரை மீனவர்கள் தூக்கினார்கள்.

"ஏன்க்கா, உன் புக்குலயும் எல்லாரும் பொழச்சுதானே வர்றாங்க?"

"வராதவங்க எப்படிடா எழுதுவாங்க?"

"அப்ப பொழச்சவங்க கதையப் படிச்சுத்தான் உனக்கு இத்தன பயமா?"

அவன் சிரித்தான். நானும் சிரிக்கப் பார்த்தேன்.

"அந்தப் பொட்டலத்தக் கிணத்துல போடறதுக்கு முன்ன பிரிச்சுப் பாத்தேன்க்கா" என்றான், போனை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

"அப்பவே ஏன்டா சொல்லல?"

"சொல்லியிருந்தா நான் போயிருப்பேன். நீ திங்காம கெடந்து செத்திருப்ப."

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. "இப்பவாவது போயேன்டா" என்றேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ.

"கப்பல்ல சேர்ற வயசு தாண்டிருச்சுக்கா."