முட்டுக்கல்லுக்குள் இருந்த கடல்

என் மாமாவுக்கு, அதாவது அம்மாவின் தம்பிக்கு, உலகத்தில் தெரியாத விஷயமே கிடையாது. அரியலூர்ப் பக்கமிருந்து சிமென்ட் ஏற்றி வரும் லாரியின் ஓட்டுநர் அவர். ஒருமுறை அங்கே சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க எடுத்த உருண்டைக் கல்லை, நன்றாக இருக்கிறதே என்று வீரபாண்டியில் எங்கள் வீட்டுக்கே கொண்டு வந்துவிட்டார். வீட்டின் முன்பக்கம் அப்பாவின் சின்ன பனியன் கம்பெனி. கட்டிங் டேபிளில் அடுக்கிய துணி நகராமலிருக்க அந்தக் கல் பாரமாக உட்கார்ந்தது. ஆயுதபூஜைக்குக் கத்திரிக்கோலுக்கும் தையல் மெஷினுக்கும் பொட்டு வைத்த அம்மா, அதற்கும் வைத்தாள். அன்றிலிருந்து அது பாதி சாமி.

அது நான் பத்தாவது முடித்திருந்த விடுமுறை. எங்கள் குடும்பத்தில் அவ்வளவு தூரம் படித்தவள் நான்தான். அதற்குமேல் எதற்கு என்பது மாமாவின் கட்சி. தைப்பவருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடி வேலைக்கு ஆள் கிடைக்காமல் திண்டாடிய அப்பாவும் மறுத்துப் பேசவில்லை.

அரியலூர்ப் பக்கம் ஒரு காலத்தில் கடலாக இருந்தது, அங்கே சில உருண்டைக் கற்களுக்குள் கடல் உயிர்கள் இருக்கும் என்று அறிவியல் டீச்சர் சொன்னது ஞாபகம் வந்து, நான் வாயை விட்டேன்.

“ஏனுங்க மாமா, இந்தக் கல்லுக்குள்ள சிப்பி இருக்குமுங்க.”

“சிப்பி மட்டுந்தானா அம்மணி? மீன்கொழம்பே இருக்கும். கரண்டி எடுத்துட்டு வா.”

கம்பெனியே சிரித்தது. உடைத்துத்தான் பாருங்களேன் என்றேன்.

“ஏதாச்சு இருந்துச்சுன்னா நானே உன்னைய ப்ளஸ் ஒன்னுல சேத்து உடறேன். வெறுங்கல்லுன்னா நாளைக்கே கைமடிக்கு வந்து நிக்கோணும். செரியா?”

“செரிங்க.”

பொட்டு வைத்த கல்லை உடைப்பதா என்று அப்பா தயங்கினார். அம்மா முந்தானையால் குங்குமத்தைத் துடைத்து, கல்லைத் தூக்கிக்கொண்டு போய் வாசலில் வைத்தாள்.

மாமா லாரிச் சுத்தியலால் அதன் உச்சியில் ஓங்கி ஓங்கி அடித்தார். பொறிதான் பறந்தது. “அம்மணி, காலைல நேரமே எந்திரிச்சுக்க,” என்றார்.

குனிந்து பார்த்தேன். கல்லின் இடுப்பைச் சுற்றி ஒரு மெல்லிய கோடு, பனியனின் சைடு தையல் மாதிரி. பனியன் எங்கே பிரியும் என்று எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சுத்தியலையும் லாரியில் கிடந்த உளியையும் வாங்கினேன். கோட்டின்மேல் உளியை வைத்துச் சுற்றிச் சுற்றித் தட்டினேன். கல் இரண்டாகப் பிளந்தது.

உள்ளே நத்தைக்கூடு போலச் சுருள்சுருளாக ஒரு கடலுயிரின் ஓடு. மயில்கழுத்துப் பச்சையும் சிவப்புமாக வெயிலில் மின்னியது.

அப்பா தூசியை ஊதிவிட்டு, வெள்ளை பனியன் துணியை நனைத்து ஓட்டின்மேல் அழுத்தித் தேய்த்தார். சாயம் போகிறதா என்று எங்கள் ஊரில் அப்படித்தான் பார்ப்போம். துணி வெள்ளையாகவே இருந்தது.

“சாயம் போகலீங்க மாப்பிள்ளை,” என்றார்.

“கரண்டி வேணுங்களா மாமா?” என்றேன் நான்.

இன்று நிலவியலில் முதுகலை படிக்கிறேன். எங்கிருந்தோ வந்த கல் அந்த ஓட்டைக் காப்பாற்றியது என்றுதான் அன்று நினைத்தேன். ஆனால் அந்தக் கல்லைத் தன்னைச் சுற்றிச் சேர்த்துக்கொண்டதே உள்ளே இருந்த உயிர்தான். சேற்றில் புதைந்த அதன் மென்மையான சதை அழுகியபோது சுற்றியிருந்த நீரின் தன்மை மாறி, நீரில் கரைந்திருந்த சுண்ணாம்பு அங்கேயே இறுகிவிட்டது. பிறகு மேலே எவ்வளவு மண் படிந்து அழுத்தியும் ஓடு நசுங்கவில்லை.

இன்னொன்றும் அன்று புரியவில்லை. மறுநாள் காலை அம்மா பீரோவைத் திறந்து ப்ளஸ் ஒன் சீருடையை எடுத்துக் கொடுத்தாள். அவளே தைத்தது. அளவு கச்சிதம், நான் வளர்ந்தால் பிரித்துவிட அடியில் மடிப்பு வேறு. பந்தயத்தில் ஜெயித்து வாங்கியது என்று தெருவெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தேன். அதில் ஏன் பாச்சை உருண்டை வாசம் அடித்தது என்று எனக்கு யோசிக்கவே தோன்றவில்லை.