நான் அணைத்த கற்பூரம்

எனக்குக் கையெழுத்துப் போடும் அளவுக்குத்தான் எழுத்து தெரியும். மற்றதெல்லாம் கூட்டிக் கூட்டி எழுதுவது. அதற்காக நான் வெட்கப்பட்டதில்லை. முப்பது வருஷம் ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவள் நான். என் உளி பட்டையைத் தாண்டி மரத்தைக் காயப்படுத்தியது என்று எங்களை வேலை வாங்கிய எந்த மண்டோரும் சொன்னது கிடையாது. இதையும் அப்படித்தான் நிதானமாக எழுதுகிறேன். அவசரப்பட்டால் ஆழமாக இறங்கிவிடும்.

அப்போது நாங்கள் மலாயாவில் கோலா சாவா பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தோம். வெள்ளைக்காரன் காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளைத் தேடிக்கொண்டிருந்த அவசரகாலம். நாங்கள் குடியிருந்த லயத்தைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மேல் முள்கம்பி போட்டு, ஒரே ஒரு வாசல் வைத்திருந்தார்கள். காட்டுக்குள் இருந்தவர்களுக்கு ஒரு பிடி அரிசி போய்விடக் கூடாது என்பதற்காக, வீட்டில் அரிசி வைத்துக்கொள்ளக் கூடாது, அடுப்பில் சோறு வடிக்கக் கூடாது என்று உத்தரவு. பெரிய குசினியில் எல்லோருக்கும் சேர்த்துச் சமைத்து மத்தியானமும் சாயங்காலமும் தட்டில் போடுவார்கள். காலையில் வேலைக்குப் போகும்போது ஒரு பருக்கை வெளியே போகக் கூடாது. வாசலில் ஆண்களை மாட்டா மாட்டா என்கிற போலீஸ்காரர்கள் தடவிப் பார்ப்பார்கள். பெண்களைத் தடவ இரண்டு பெண்களை வைத்திருந்தார்கள். வாளியைக் கவிழ்த்துப் பார்த்து, ஒட்டுப்பால் பையை உதறித்தான் விடுவார்கள்.

என் மூத்தவன் அப்போது ஐந்து மாதப் பிள்ளை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு இருட்டோடு போனால், மத்தியானம் பாலை எடை போடும்வரை வயிற்றில் வெறும் தேத்தண்ணீர்தான். அதிலும் சீனி இருக்காது. பத்து மணிக்கெல்லாம் மரம் இரண்டு இரண்டாகத் தெரியும். மார்பில் பால் வற்றிக்கொண்டே வந்தது. பிள்ளை காம்பைக் கடித்து இழுத்து அழுவான்.

அதனால்தான் நான் அதைச் செய்தேன். சாயங்காலத் தட்டில் பாதியை முந்தானையில் ஒளித்துக்கொண்டு வந்து தண்ணீர் ஊற்றி வைப்பேன். விடியற்காலையில் பிழிந்து, உப்புப் போட்டு, தட்டையாக இலையில் மடித்து, தலைச்சும்மாட்டுக்குள் வைத்துக் கட்டிக்கொள்வேன். எங்கள் சும்மாட்டுத் துணியில் புளித்த பால் நாற்றம் குமட்டும். தடவுகிற பெண்கள் அதைத் தொடமாட்டார்கள். மூன்று நாள் அப்படிக் கொண்டுபோய் மரத்துக்குப் பின்னால் நின்று தின்றேன். என் வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது.

நான்காம் நாள் பாதி தின்றுகொண்டிருக்கும்போது துப்பாக்கிக்காரர்கள் வரும் சத்தம் கேட்டது. இலையோடு மரத்தடியில் செருகி, மேலே சருகைத் தள்ளிவிட்டு நகர்ந்துவிட்டேன். அவர்களோடு வந்த நாய் நேராக அங்கேதான் போனது. அந்த இடம் காட்டு ஓரம். நான் வெட்டும் மர நிரையும் பக்கத்து வீட்டு அக்காவின் நிரையும் சேருகிற எல்லை.

அந்த அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் லயத்தில் அவர்கள் ஒரு வீடுதான் வேதக்காரர்கள், ஏசுவைக் கும்பிடுகிறவர்கள். புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. இரண்டு வயதில் ஒரு பெண் பிள்ளை. அக்கா அதிகம் பேசமாட்டாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் உட்கார்ந்து வேதத்தை விரல் வைத்துப் படிப்பாள். எனக்கு ‘அ’னாவும் ‘ஆ’வன்னாவும் அவள்தான் மண்ணில் கீறிக் காட்டினாள்.

அன்று மத்தியானம் போலீஸ் அதிகாரி மண்டோரைக் கூப்பிட்டு ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாராம். நாளைக் காலைக்குள் ஆளைக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் காட்டு ஓர நிரைக்காரர்கள் ஒன்பது பேரையும் லாரியில் ஏற்றித் தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். பாதி தின்ற பழைய சோற்றை யார் யாருக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. காட்டுக்காரனுக்கு வைத்த சோறு என்றால் அவ்வளவுதான்.

மண்டோருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். வெற்றிலைத் தகராறிலிருந்து கோழித் திருட்டு வரை எங்கள் தோட்டத்தில் எல்லாவற்றுக்கும் அதுதான் கடைசி. மாரியம்மன் முன்னால் எரியும் கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். பொய்ச் சத்தியம் செய்து தப்பியவர் கிடையாது என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். நானும் நம்பினேன். அதைச் சொல்லாவிட்டால் மேலே நான் எழுதுவதற்கு அர்த்தம் இல்லை.

சாயங்காலம் ஒன்பது பேரையும் கோயிலில் வரிசையாக நிறுத்தினார்கள். சொல்ல வேண்டியதை மண்டோரே சொல்லிக் கொடுத்தார்.

“நல்லாக் கேட்டுக்குங்க. ‘சோறு நான் வைக்கல. வச்சது யாருன்னும் எனக்குத் தெரியாது. இது பொய்யின்னா நாப்பத்தொரு நாளைக்குள்ள என் வயித்துல பொறந்தத ஆத்தா எடுத்துக்கட்டும்.’ ஒரு வார்த்த விடக் கூடாது.”

வயிற்றில் பிறந்ததை என்று கேட்டதும், உண்மையைச் சொல்லலாம் என்று வாயைத் திறக்கப் பார்த்தேன். சொன்னால் லாரி. நான் போனால் ஐந்து மாதப் பிள்ளைக்கு யார் பால் கொடுப்பார்கள்? சொல்லாவிட்டால் ஆத்தா. இரண்டு பக்கமும் என் பிள்ளைதான் நின்றான். லாரி நாளைக்கே வந்துவிடும், ஆத்தாவிடமோ நாற்பத்தொரு நாள் கெஞ்சலாம் என்று என் புத்தி கணக்குப் போட்டது. நான்காவது ஆளாகப் போய் மூன்றையும் சொல்லி, கற்பூரத்தை அடித்தேன். கை சுட்டது. அவ்வளவுதான்.

கடைசியில் அக்கா.

“நான் வைக்கல மண்டோரே” என்றாள். கை கீழேயே இருந்தது.

“கற்பூரத்த அணச்சுட்டுச் சொல்லு.”

“எங்க வேதத்துல எது மேலயும் சத்தியம் பண்ணக் கூடாதுன்னு இருக்கு. வைக்கலன்னா வைக்கல. அவ்வளவுதான்.”

வரிசையில் எனக்கு அடுத்து நின்றவள், வாய் அடங்காத ஒருத்தி, “கற்பூரம் ஒத்துக்காதுன்னா மெழுவத்தி வேணாக் கொளுத்திக் குடுங்களேன்” என்றாள். அந்த நேரத்திலும் இரண்டு பேர் சிரித்தார்கள்.

மண்டோர் சிரிக்கவில்லை. “இந்தா பாரு புள்ள, ஒன் பொஸ்தகத்தையே எடுத்துட்டு வா. அது மேல அடிச்சுச் சொல்லு. எங்க சாமி வேணாம். ஒன் சாமியே போதும்லா.”

“அது மேலயும் கூடாதுங்க.”

“சுத்தமான கையின்னா சுடறதுக்கு என்ன பயம்?”

பூசை செய்யும் பண்டாரம் மூன்று தடவை புதுக் கற்பூரம் வைத்தார். மூன்றும் எரிந்து தானாக அணைந்தன.

மறுநாள் காலை வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டில் நிற்கும்போதே லாரி வந்தது. அக்கா துணி மூட்டையோடு ஏறினாள். “என் புள்ளயக் கொஞ்சம் பாத்துக்க” என்று என்னிடம்தான் சொன்னாள். நான் தலையை ஆட்டினேன். எட்டு பேர் சத்தியம் செய்தார்கள், ஒருத்தி செய்யவில்லை, அப்புறம் என்ன சாட்சி வேண்டும் என்று எல்லோரும் மரத்துக்குப் போய்விட்டார்கள்.

அன்றிலிருந்து நாளை எண்ணினேன். அடுப்பு எரியாத அடுப்பங்கரைச் சுவரில் பழைய கரித்துண்டால் தினம் ஒரு கோடு. பிள்ளை தும்மினால் எனக்கு உயிர் போகும். பத்தொன்பதாம் நாள் முதுகு முழுக்கச் சிவப்பாகப் பொரிந்திருந்தது. அம்மை என்று வேப்பிலைக்கு ஓடினேன். ஆயா சட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “வேர்க்குருதான்டி. இந்த வெக்கையில கம்பளித் துணியச் சுத்தி வச்சா?” என்று திட்டினாள்.

ஒரு நாள் மனசு பொறுக்காமல், உண்மையைச் சொல்லிவிட பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆபீஸ் படி வரை போனேன். கணக்கு எழுதும் கிராணி தலையைத் தூக்கி, “என்னா?” என்றார். “காய்ச்சல் மாத்திரை” என்றேன். கொயினா மாத்திரை நான்கு கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். இதை எழுதும்போது இப்போதும் என் மேல் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

நாற்பத்தொன்றாம் நாளும் வந்தது. பிள்ளையை மடியை விட்டு இறக்காமல் உட்கார்ந்திருந்தேன். பொழுது சாய்ந்தது. அவன் என் தாலியைப் பிடித்துக் கடித்தான். கீழ் ஈறில் அரிசி மாதிரி ஒரு பல் முளைத்திருந்தது.

சந்தோஷப்பட வேண்டியவள் நடுங்கிப்போனேன். பிள்ளைக்கு ஏதாவது வந்திருந்தால் அழுதிருப்பேன், மண்ணில் புரண்டிருப்பேன், ஆனால் மேலே ஒருத்தி கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்திருக்கும். ஒன்றுமே வரவில்லை. பொய் சொன்னவளின் பிள்ளைக்குப் பல் முளைக்கிறது. பொய் சொல்லாதவள் முகாம் கம்பிக்குள் இருக்கிறாள். ஆத்தாவும் வரவில்லை, அக்காவின் சாமியும் வரவில்லை. அப்படியென்றால் அன்று கோயிலில் எங்களோடு யார்தான் இருந்தார்கள்?

பண்டாரத்திடம் மற்றவர் கதை போலக் கேட்டேன். “பொய்ச் சத்தியம் பண்ணி ஒண்ணும் ஆவலன்னா என்னாங்க அர்த்தம்?”

“தெய்வம் நின்னு கொல்லும் தாயீ.”

“நின்னுன்னா எத்தன நாளு?”

“சாமிகிட்ட காலண்டரா தொங்குது?” என்று கோபப்பட்டார்.

இதைவிட ஒன்று என்னை உலுக்கியது. அக்காவின் பெண்ணை நான் என் வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். குசினித் தட்டில் என் பங்கில் அவளுக்கு ஊட்டினேன், தலைக்கு எண்ணெய் வைத்தேன், என் மகனோடு ஒரே பாயில் போட்டேன். நான் செய்தது பயத்தில். லயத்து ஜனங்களோ, “காட்டுக்காரனுக்குச் சோறு வச்சவ புள்ளையத் தூக்கி வளக்குறாளே, புண்ணியவதி” என்றார்கள். மண்டோர் பெண்சாதி தன் பிள்ளைகளிடம் என்னைக் காட்டி, “தர்மம்னா இதுதான்” என்று சொன்னதை என் காதால் கேட்டேன்.

பத்து மாதம் கழித்து, சாட்சி ஒன்றும் இல்லை என்று அக்காவை விட்டுவிட்டார்கள். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். மூன்றாம் நாளே பழைய நிரைக்கு வந்துவிட்டாள். பால் ஊற்றிவிட்டு வாளி கழுவும் இடத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் நின்றபோது சொல்லிவிட்டேன்.

“அக்கா, அந்தச் சோறு நான் வச்சது.”

“தெரியும்” என்றாள், வாளியைத் தேய்த்துக்கொண்டே.

நான் என் வாளியைக் கீழே வைத்தேன்.

“ரெண்டாம் நாளே பாத்தேன். மரத்துக்குப் பின்னால நின்னு கோழி மாதிரி முழுங்கிக்கிட்டு இருந்த.”

“அப்புறம் ஏன்கா சொல்லல? ஏன் சத்தியம் பண்ணல?”

“நான் வைக்கலன்னு சொன்னேன். அது நெசம். வச்சது யாருன்னு தெரியாதுன்னு சொல்லச் சொன்னாங்க. அது பொய்யில்ல?”

“வேதத்துல கூடாதுன்னு...”

“வேதத்துல இருக்கறதும் நெசந்தான். ஆனா அன்னைக்கி நான் அதுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டேன். நீ மரத்துக்குப் பின்னால ஒளிஞ்ச மாதிரி.” வாளியைக் கவிழ்த்து வைத்தாள். “ஒன்னக் காட்டிக் குடுக்கவும் வாய் வரல, பொய் சொல்லவும் வாய் வரல. இதுல எது சரின்னு பத்து மாசம் அங்க ஒக்காந்து கேட்டேன். ஒரு பதிலும் வரல.”

நான் அவள் காலைத் தொடக் குனிந்தேன். அவள் பின்னால் நகர்ந்துவிட்டாள்.

“அதெல்லாம் வேணாம். நேத்து என் மவளத் தூக்கப் போனேன். ஓடிப்போயி ஒன் முந்தானையில ஒளியிறா. ஒன்னத்தான் அம்மாங்குறா. இத எந்தச் சாமிகிட்டப் போயி முறையிடறது? நீயே சொல்லு.”

அதற்கு மேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. நான் அப்படி வளர்ந்தவளும் இல்லை. மறுநாள் பெரட்டில், எல்லோரும் நிற்கும்போது, முன்னால் போய் நின்று சத்தமாகச் சொன்னேன். “மண்டோரே, அந்தச் சோறு நான் வச்சது. பசிக்கித் திங்கக் கொண்டுபோனேன். நான் அணச்ச கற்பூரம் பொய்.” லாரி வந்தால் வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன்.

அன்று கோயிலில் மெழுகுவத்தி கேட்டவள் ஓடிவந்து என் முகவாயைத் தொட்டு முத்தமிட்டாள். “பாருங்களேன் இவள! அவ பழியத் தன் தலையில தூக்கிப் போட்டுக்கிறா, மகராசி!”

“இல்ல, நெசமாவே நாந்தான்” என்று கத்தினேன்.

மண்டோர் அக்காவைப் பார்த்தார். “இவ சொல்றது நெசமா?”

“நெசம்” என்றாள் அக்கா.

“நீ நெசம்னுதான் சொல்லுவ” என்றார் அவர். “அவ புள்ள உசிரோட இருக்கு. பல்லு மொளச்சி நடந்துகூடப் போவுது. பொய்யா அணச்சிருந்தா ஆத்தா விட்டுருப்பாளா? முடிஞ்சுபோன கேசு. போங்க, போங்க, மழ வர்றதுக்குள்ள வெட்டுங்க.”

என் பிள்ளை உயிரோடு இருப்பதே என் பொய்க்குச் சாட்சியாகிவிட்டது. கூட்டம் கலைந்தது. அக்கா வாளியைத் தூக்கிக்கொண்டு தன் நிரைக்குப் போனாள். அவள் என் பக்கம் திரும்பவில்லை.

அன்று சாயங்காலம் குசினியிலிருந்து திரும்பியதும், அக்காவின் பெண் வழக்கம் போல என் வீட்டுக்கு ஓடிவந்தாள். பெற்றவளிடமே போய்ச் சேரட்டும் என்று, அவள் படி ஏறுவதற்குள் கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். பிஞ்சுக் கையால் தட்டினாள். “அம்மா, அம்மா” என்று அழுதாள். உள்ளே என் மகனும் சேர்ந்து அழுதான். என் வீட்டுக்காரர், “ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? பச்சப் புள்ள” என்று தாழைத் தொடப் போனார். நான் கதவில் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டேன். அவ்வளவு பாவத்தை நான் அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை. எந்தச் சாமியின் பெயரையும் சொல்லத் தோன்றவில்லை.

பிள்ளை அழுது அழுது தொண்டை கட்டிப் போன பிறகு, பக்கத்தில் அக்கா வீட்டுக் கதவு திறந்தது.