1.2-க்குள் நுழைந்த நாற்பத்தொரு வரிகள்

போலந்து நாட்டு நூலகம் ஒன்றிலிருந்து வந்த மெயிலை வரலட்சுமி இரண்டு தடவை படித்தாள். 'நீங்கள் வெளியிட்ட 1.2.7-ஐப் போட்டதிலிருந்து எங்கள் பிரின்டர் எதுவும் ஓடவில்லை. இதற்குப் பெயர் நம்பகமான, ஸ்டேபிள் பதிப்பா?' கீழே அதே புகாரோடு இன்னும் பதினொன்று.

அவள் 1.2.7-ஐ வெளியிடவே இல்லை. இரண்டு நாளாகச் சூலூர் வீட்டில் காய்ச்சலோடு படுத்துக் கிடந்துவிட்டு இன்றுதான் வேலைக்கு வந்திருந்தாள்.

விசைத்தறி ஓட்டும் பங்காருவின் மகள் அவள். அந்த வீட்டின் முதல் பட்டதாரி. பீளமேட்டில், மில்களுக்குக் கம்ப்யூட்டர் அமைத்துத் தரும் சின்னக் கம்பெனியில் வேலை. அங்கே லேபிள் அச்சடிக்கப் பயன்படும் 'ரோலர்' ஓர் இலவச மென்பொருள். பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து எழுதுவது; யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம். புது வசதியெல்லாம் இனி வரப்போகும் 1.3 பதிப்புக்குப் போகும். ஊர் உலகம் நம்பி ஓட்டுவது 1.2. புதியதில் சரிசெய்த பிழையை மட்டும் பிரித்தெடுத்து, பழையதற்குப் பொருந்துமாறு வெட்டி ஒட்டிச் சேர்க்க வேண்டும். பேக்போர்ட் என்பார்கள். ஒன்றரை வருஷம் திருத்தங்கள் அனுப்பி அனுப்பி, 1997 கடைசியில் 1.2-ஐப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவளுக்குக் கிடைத்தது. சம்பளம் கிடையாது. ரோலரோடு போகும் கோப்பில் 'பராமரிப்பு: வரலட்சுமி, கோயமுத்தூர்' என்று இருக்கும், அவ்வளவுதான். சட்டமும் ஒன்றுதான்: பழுதை நீக்கலாம், புதிதாக எதையும் நுழைக்கக் கூடாது.

பேப்பர் தீர்ந்து மறுபடி போட்டால் இரண்டு பஞ்சுப் பொதிகளுக்கு ஒரே எண் விழும் பழுதுக்கு, அவள் பத்தொன்பது வரிகள் தயாராக வைத்துவிட்டுப் போயிருந்தாள். வெளியே போனதில் அறுபது வரிகள் இருந்தன.

"நிஜாம், இத அனுப்புனது யாரு?"

பக்கத்து மேஜை நிஜாம் நாற்காலியை மெல்லத் திருப்பினான். "நாந்தானுங்க்கா. பொதியோட எடையும் லேபிள்ல வரோணும்னு மில்லுல கேட்டாங்களாமா. 'தம்பி, அப்படியே சேத்திப்போடுங்க'ன்னு மொதலாளி மூணு வாட்டி சொன்னாரு. எப்படிக்கா முடியாதுங்கறது?"

"வாயத் தொறந்துதான்! பழைய செட்டிங் ஃபைல் இருக்கற பக்கமெல்லாம் ரோலர் எந்திரிக்கவே மாட்டீங்குது. என்ற பேர்ல அனுப்பறதுக்கு முன்னால ஒரு போன் பண்ணலாமில்ல?"

"உங்க ஊட்ல போன் இல்லீங்களேக்கா."

"பக்கத்து ஊட்டு நம்பர் உன்ற டைரில இருக்குது. லீவு வேணும்னா மட்டும் அது ஞாபகம் வரும்."

அலுவலகத்துக்கு ஒரே போன் லைன். இன்டர்நெட் கிடைத்தவர் எல்லோருடைய மெயிலையும் அனுப்பிவிடுவது வழக்கம். அதற்காகவே அத்தனை பேர் பாஸ்வேர்டும் மோடத்தின் மேல் ஒட்டியிருந்தது. தன்னுடையதை அவளே எழுதி ஒட்டியிருந்தாள். அதை நினைக்க நினைக்க அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. சீட்டைப் பிய்த்துக் கசக்கினாள்.

முதலாளி திருமலைசாமி உள்ளே வந்தார். "காச்சல் உட்டுதா கண்ணு?"

"அத உடுங்க சார். எடை வேணும்னா மில்லுக்கு மட்டும் தனியாச் செஞ்சு தாரேன்னு போன வாரமே சொன்னனில்ல?"

"தனியா வெச்சா புது ரோலர் வர்ற ஒவ்வொரு வாட்டியும் நாமதான கண்ணு சேக்கோணும்? உள்ளயே இருந்துபோட்டா மத்தவங்க பாத்துக்குவாங்க."

"அப்ப உங்க வேல மிச்சமாகறதுக்கு ஊரான் பிரின்டர் நிக்கோணுமா? அத்தனையும் எடுத்துப்போட்டு 1.2.8 இப்பவே அனுப்பறேன்."

"செரி, எடு. காரணம் மட்டும் 'டெக்னிக்கல்'னு போட்டுடு. கம்பெனி மானம் போயிரும்."

அவள் ரோலர் பயன்படுத்துவோர் எல்லோருக்குமான அறிவிப்பைத் தட்டினாள். 'நான் சோதிக்காத நாற்பத்தொரு வரிகள் என் பெயரில் போயின. ஒரு வாடிக்கையாளருக்காக எங்கள் அலுவலகத்தில் சேர்த்தவை. பாஸ்வேர்டைப் பொதுவில் வைத்தது என் தவறு. என்னை நீக்குவதானால் நீக்குங்கள். 1.2.8-ல் இருப்பது பத்தொன்பது வரிகள்தான். எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.'

பின்னால் நின்று படித்த திருமலைசாமியின் முகம் கறுத்தது. "மில்லுக்காரங்களுக்கு நான் என்ன சொல்றது?"

"1.3 வந்தா வரும்னு சொல்லுங்க."

"அது வர்ற வரைக்கும் நீங்க இங்க வேலைல இருக்கோணுமில்லீங்க?" 'கண்ணு' போய், 'நீங்க' வந்திருந்தது.

"நான் இருந்தாலும் இல்லாட்டியும் 1.2-ல அது வராது."

நிஜாம் தலை நிமிராமல் லைன் போட்டான். ஐந்தாவது தடவை கிடைத்தது. வழக்கம்போல அவன் கை கீபோர்டுக்குப் போனது. வரலட்சுமி அதைத் தட்டிவிட்டு, தானே அனுப்பினாள்.