லீட்ஸில் இரண்டாம் டிகாஷன்

இந்த ஊரில் காப்பியை இருமல் மருந்து மாதிரி அளந்து ஊற்றுகிறார்கள். கறுப்பாக, பாகு போலக் கெட்டியாக, பாட்டிலில் வருகிறது. ஒரு ஸ்பூன் எடுத்துக் கோப்பையில் விட்டு, வெந்நீர் ஊற்றிக் கலக்கிவிட்டால் காப்பியாம். நான் வந்து இறங்கிய மறுநாள் காலையில், வீட்டுக்கார அம்மாள் மிஸஸ் ஹோல்ட் அதைத்தான் என் முன்னால் வைத்தார். லீட்ஸ் நகரத்து நவம்பர் குளிர். ஜன்னலுக்கு வெளியே கரி படிந்த செங்கல் சுவர். ஒரு வாய் குடித்துவிட்டு, "இது எதற்கான மருந்து?" என்று கேட்டேன். கேலி செய்யவில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டேன். அவர் பதறிப்போய் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "உடம்புக்கு என்ன செய்கிறது?" என்றார். அன்று முழுவதும் எனக்குக் கஞ்சி போன்ற எதையோ கொடுத்துப் படுக்க வைத்துவிட்டார்.

நான் இங்கே வந்தது தோலுக்காக, தோல் பதனிடும் ரசாயனம் படிக்க. எங்கள் அத்தா, அதாவது அப்பா, திண்டுக்கல்லில் ஆட்டுத்தோல் பதனிடும் ஷாப் வைத்திருக்கிறார். ஆவாரம்பட்டைத் தண்ணீரில் தோல் ஊறுகிற வாடை எங்கள் தெருவுக்குள் நுழைகிற எவரையும் மூக்கைப் பொத்த வைக்கும். அங்கேயே பிறந்த எங்களுக்கு அது தெரியாது. அந்த வாடையைக் கிழித்துக்கொண்டு காலையில் வருகிற ஒரே மணம் காப்பி மணம்தான். மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு கடையில், சிறுமலையிலிருந்து இறங்கும் கொட்டையைக் கண்ணெதிரே வறுத்து அரைத்துத் தருவார்கள். கல்லூரியில் படித்த நாளில், ஒருநாள் விட்டு ஒருநாள் சைக்கிளில் போய் வாங்கி வருவேன். பொட்டலத்தின் சூடு சட்டைப்பையைத் தாண்டி நெஞ்சில் படும். மிதிக்கிற மிதியில், மலைக்கோட்டைப் பாறை என்னோடு கூடவே ஓடி வருகிற மாதிரி இருக்கும். வீட்டில் அம்மா பித்தளை ஃபில்டரில் தூளைப் போட்டு, கொதிநீரை விட்டு, மூடியில் விரலால் இரண்டு தட்டுத் தட்டுவாள். நான் பல் விளக்கி முகம் துடைப்பதற்குள் டம்ளர் கைக்கு வந்துவிடும். அந்த டம்ளருக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று நான் எட்டிப் பார்த்ததே இல்லை.

அந்த ருசியைத் தேடப் போய்த்தான் இந்தப் பைத்தியம் பிடித்தது. இங்கே சனிக்கிழமைகளில் சர்ச் மண்டபங்களில் வீட்டில் வேண்டாத சாமான்களைக் குவித்து விற்பார்கள். முதல் தடவை போனபோதே, மேலும் கீழுமாக இரண்டு கண்ணாடிக் குடுவைகள் கோத்த ஒரு பழைய காப்பி இயந்திரம் கண்ணில் பட்டது. விற்ற கிழவியம்மாளிடம், "இது வேலை செய்யுமா?" என்றேன். "அலமாரியில் வைத்தால் அழகாக இருக்கும், லவ்," என்றார். முன்பின் தெரியாதவனை அப்படி அழைத்ததில் எனக்குக் காது சூடாகிவிட்டது. அப்புறம் பஸ் கண்டக்டரும் அப்படியே அழைத்தபோதுதான் ஊர் வழக்கம் புரிந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து கீழ்க் குடுவையில் தண்ணீரும் மேல் குடுவையில் தூளும் போட்டு, ஸ்பிரிட் விளக்கைப் பற்ற வைத்தேன். தண்ணீர் தானாக மேலே ஏறித் தூளோடு கலந்து கொந்தளித்தது. விளக்கை எடுத்ததும், கீழ்க் குடுவை ஒரே உறிஞ்சாக டிகாஷனை இழுத்துக்கொண்டது. நான் கை தட்டிவிட்டேன்.

அதன் பிறகு நிற்கவில்லை. தலைகீழாகக் கவிழ்க்கிற இத்தாலிய அலுமினியக் கூஜா ஒன்று. நீல எனாமல் பூசிய பிரெஞ்சுச் சொட்டுப்பானை ஒன்று. மூடியில் கண்ணாடிக் குமிழ் வைத்த பெர்க்கொலேட்டர் இரண்டு. அவற்றில் தண்ணீர் குழாய் வழியே ஏறி, தூளின் மேல் விழுந்து, மறுபடி ஏறி, சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்கிற சின்னமாமாவைப் போல அடங்கவே அடங்காது. கண்ணை மூடிக்கொண்டால், மதுரை ரோட்டில் பஸ் சின்னாளப்பட்டியில் நிற்கும்போது கேட்கிற தறிச் சத்தம் போலவே இருக்கும். சத்தம் ஊருக்குக் கொண்டுபோகும், ருசி கொண்டுபோகாது. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒன்றைப் பிரித்து, கழுவி, ரப்பர் வளையம் மாற்றி, தூளின் அளவைக் கூட்டிக் குறைத்துப் பார்ப்பேன். ஜன்னலோரம் ஏழு இயந்திரங்கள் வரிசையாக நின்ற அன்று, மிஸஸ் ஹோல்ட் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "இந்த வீட்டில் ஓட்டல் நடத்தக் கூடாது," என்றார். "எல்லாம் எனக்குத்தான்," என்றேன். அவர் நம்பவில்லை. ஒரு மாதம் வரைக்கும் என்னைத் தேடி யார் வந்தாலும் வாசலிலேயே நிறுத்தி, "காப்பிக்கா?" என்று விசாரித்தார்.

இதையெல்லாம் யாரிடம் சொல்வது? ஜமீலாவுக்கு எழுதினேன். ஜமீலா என் தாய்மாமன் மகள், என் மனைவி. நிக்காஹ் முடிந்து நாலாம் மாதம் நான் கப்பலேறிவிட்டேன்; அவள் எங்கள் வீட்டில், என் அம்மாவோடு இருந்தாள். அவளுடைய பதில் நீல ஏர்மெயில் தாளில் வந்தது. "மச்சான், தாள் முழுக்கக் கண்ணாடிக் குடுவைதான் இருக்கு. ஓரத்துல நசுக்கி நசுக்கி 'நீ சுகமா'ன்னு ஒரு வரி. அந்தக் குடுவையவே நிக்காஹ் பண்ணியிருக்கலாம்ல?"

படிப்பு முடியும் தறுவாயில், இங்குள்ள ஒரு தோல் தொழிற்சாலையில் ரசாயனப் பிரிவில் வேலை கொடுத்தார்கள். ஐந்து வருடமாவது இருக்க வேண்டும். ஜமீலா வந்தால் இருக்கலாம். வராவிட்டால் அந்த வேலை எனக்கு எதற்கு? வரச்சொல்லி எழுதினேன். அவள் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மழை பெய்தது, பக்கத்து வீட்டில் கலியாணம், மாமிக்கு முழங்கால் வலி என்று எழுதிக்கொண்டிருந்தாள். ஆசை காட்டலாம் என்று, ஊருக்குத் திரும்பிய ஒரு நண்பரிடம் அந்தக் கவிழ்க்கிற கூஜாவைக் கொடுத்தனுப்பினேன். எப்போது கவிழ்ப்பது, எவ்வளவு தூள் என்று படம் போட்டே எழுதினேன். இப்படி ஒரு பொருள் கிடைக்கிற ஊருக்கு வர அவளுக்கு மனசு வராதா என்பது என் கணக்கு.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. "உங்க மெஷின் வந்து சேந்துச்சு. பாதித் தெரு வந்து பாத்துச்சு. நான் தலைகீழாக் கவுத்தப்ப மாமி கண்ணை மூடிக்கிட்டு பிஸ்மி சொன்னாங்க. மாமா ரெண்டு டம்ளர் குடிச்சிட்டு மவன் கெட்டிக்காரன்னாங்க. ஆம்பளைக எல்லாம் குடிச்சு முடிச்சதும், மாமி அந்தச் சக்கையிலேயே திரும்பத் தண்ணிய ஊத்தி அடுப்புல ஏத்திட்டாங்க. 'நமக்கு ரெண்டாவது எறக்க வேணாமாடி?'ங்கிறாங்க. நானும் கவுத்துக் குடுத்தேன். சீமை மெஷின்லயும் எங்களுக்கு ரெண்டாவதுதான், போங்க."

உங்களில் யாருக்கும் இது புதிதல்ல. முதல் டிகாஷன் ஆண்களுக்கும் விருந்தாளிக்கும். அதே சக்கையில் இன்னொரு முறை கொதிநீரை விட்டு இறங்குவது வீட்டுப் பெண்களுக்கு. எனக்கும் அந்தச் சொல் தெரியும். ஆனால் இருபத்து நான்கு வருடம் அந்த வீட்டில் இருந்தும், என் அம்மா எந்தக் காப்பியைக் குடித்தாள் என்று எனக்குத் தெரியாது. ஐயாயிரம் மைல் தள்ளி வந்து, ஏழு இயந்திரங்களை உருட்டி, 'எங்கள் வீட்டுக் காப்பி' என்று நான் தேடிக்கொண்டிருந்தது அந்த வீட்டின் பாதிப்பேர் வாயில் வைத்தே பார்க்காத ஒன்று. ஏக்கத்தில்கூட நான் எனக்கு வந்த டம்ளரைத்தான் நினைத்திருக்கிறேன்.

வெட்கம் தாளாமல் சூடாக ஒரு கடிதம் எழுதினேன். 'இங்கே முதலாவது, இரண்டாவது என்று எதுவும் கிடையாது. வீட்டுக்கார அம்மாளும் நானும் ஒரே குடுவையிலிருந்துதான் குடிக்கிறோம். நீ வா. என் கையால் உனக்கு முதல் டிகாஷன் ஊற்றித் தருகிறேன். இனிமேல் சக்கைத் தண்ணீர் குடிக்காதே.' ஐந்து வாரம் பதிலே இல்லை. தொழிற்சாலையிலிருந்து முடிவு கேட்டு இரண்டாம் முறை ஆள் வந்துவிட்டது. கடைசியில் நீலத் தாள் வந்தது.

"அம்புட்டுக் கோவம் எதுக்கு மச்சான்? சக்கைத் தண்ணிதான், இல்லேங்கல. எனக்கும் ஒரு நாளாவது முதலாவது குடிச்சுப் பாக்கணும்னு இருந்துச்சு, அதையும் ஒளிக்கல. ஆனா சாயந்தரம் நாலரை மணிக்கு ஆம்பளைக எல்லாம் குடிச்சிட்டு வெளிய போன பெறகு, நானும் மாமியும் அடுப்படி நெலைப்படியில உக்காந்து அதைக் குடிப்போம். செத்த நேரந்தான். நாளு முழுக்க எனக்கு மாமியாரா இருக்காங்க. அந்தச் செத்த நேரம் மட்டும் எங்க அத்தாவோட அக்கா. நீங்க எட்டு வயசு வரைக்கும் பாய நனைச்சதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னு நினைச்சீங்க? நான் அங்க வந்துட்டா மாமி யாரோட உக்காருவாங்க? இதுக்கு ஒரு பதில் எழுதுங்க. நான் பெட்டியக் கட்டுறேன்."

மூன்று தாள் வீணானது. பதிலை எழுதி எழுதிக் கிழித்தேன். ஆனால் என் கடிதம் போவதற்குள் அவளே வந்துகொண்டிருந்தாள். பதில் சொன்னது அம்மாதான். மருமகள் ஏன் முகம் வாடித் திரிகிறாள் என்று கேட்டு, விஷயம் தெரிந்ததும், "காப்பி குடிக்க ஆளு இல்லேன்னா நான் செத்துருவேனாக்கும்? போடி கழுதை, புருசன்கிட்ட போயி இரு. நான் பூனைய உக்கார வச்சுக் குடிச்சுக்கிறேன்," என்று விரட்டினாளாம்.

ஜமீலா வந்த மறுநாள் காலை, மந்திரவாதி மாதிரி கண்ணாடிக் குடுவைகளை மேஜை நடுவில் நிறுத்தி விளக்கைப் பற்ற வைத்தேன். சொன்னபடி முதல் டிகாஷன், என் கையால். ஜமீலா ஒரு வாய் குடித்தாள். கண்ணை இறுக மூடித் திறந்தாள்.

"இதையா இம்புட்டு நாளா நீங்கள்லாம் குடிச்சீங்க?"

"ஏன், நல்லா இல்லையா?"

"கசப்பு மண்டையில போயி இடிக்குது மச்சான்."

ஆனாலும் மிச்சம் வைக்காமல் குடித்தாள். குடித்து முடித்துவிட்டு மேல் குடுவைக்குள் எட்டிப் பார்த்து, "இந்தச் சக்கைய என்ன செய்வீங்க?" என்றாள். கொட்டிவிடுவேன் என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஜன்னலோரத்து வரிசையிலிருந்து எனாமல் சொட்டுப்பானையை எடுத்து, சக்கையை அதில் வழித்துப் போட்டு மூடி வைத்தாள். பதினோரு மணிக்கு அதில் கொதிநீரை விட்டாள். அன்றிலிருந்து அதுவே பழக்கமாகிவிட்டது.

ஒரு தடவை மிஸஸ் ஹோல்ட் அதைப் பார்த்துவிட்டார். பழைய சக்கையில் தண்ணீர் ஊற்றுகிறார்களே, இவர்களுக்கு இவ்வளவு கஷ்டமா என்று கலங்கி, மறுநாள் ஒரு டின் காப்பித்தூளை எங்கள் மாடி வாசலில் வைத்துவிட்டுப் போனார். ஜமீலாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நம்மளப் பிச்சைக்காரங்கன்னு நினைச்சுட்டாங்களா?" என்று, பாலும் சர்க்கரையும் தாராளமாக விட்ட ஒரு கோப்பை இரண்டாம் டிகாஷனை எடுத்துக்கொண்டு கீழே போனாள். இவளுக்கு இங்கிலீஷ் வராது, அவருக்குத் தமிழ் வராது. திரும்பி வந்து, "பூராத்தையும் குடிச்சிட்டாங்க," என்றாள். மறுநாள் மிஸஸ் ஹோல்ட் என்னிடம், "உன் காப்பியை நான் மரியாதைக்காகத்தான் குடித்து வந்தேன். உன் மனைவிக்குத்தான் போடத் தெரிகிறது," என்றார்.

போன சனிக்கிழமை அம்மாவின் கடிதம் வந்தது. அவள் சொல்லச் சொல்லத் தம்பி எழுதியது. எல்லாரும் சுகம். மழை இல்லை. தோலுக்கு நல்ல விலை. கடைசியில் ஜமீலாவுக்கு என்று நாலு வரி. "இப்ப ரெண்டாவது எறக்குறதில்ல. ஒருத்திக்காக எதுக்கு? உங்க மாமாவோடயே முதலாவதக் குடிச்சிடுறேன். ருசியாத்தான் இருக்கு. கொஞ்சம் நெஞ்சப் புடிக்குது."

நான் கோபத்தோடு கேட்ட நியாயம் என் அம்மாவுக்குக் கிடைத்துவிட்டது. அது கிடைப்பதற்கு ஜமீலா அந்த வீட்டை விட்டு வர வேண்டியிருந்தது.

ஜமீலா அதை இரண்டு தடவை படித்துவிட்டு மடித்து வைத்தாள். மணி பதினொன்று. "அங்க இப்ப நாலரை," என்றாள். சொட்டுப்பானையில் தண்ணீரை விட்டாள். விடுமுறை நாளில் வழக்கமாக இந்த நேரத்தில் நான் பேப்பரோடு முன்னறைக்குப் போய்விடுவேன். அன்று நாற்காலியை இழுத்துப்போட்டு அங்கேயே உட்கார்ந்தேன்.

"நீங்க எதுக்கு இங்க? போயி உங்களதக் குடிங்க."

"எனக்கும் இதுல கொஞ்சம் ஊத்து."

ஊற்றினாள். வெளுப்பாக, இனிப்பாக, காப்பியின் நினைவு மாதிரி இருந்தது. அவசரமாகக் குடிக்க எதுவுமில்லை அதில்; உட்கார்ந்து ஆற்றி ஆற்றிக் குடிக்கத்தான் வரும். ஜன்னலுக்கு வெளியே பனி பெய்ய ஆரம்பித்திருந்தது. ஜமீலா சுவரில் சாய்ந்துகொண்டு மெதுவாகப் பேச்செடுத்தாள். மீன் விற்க வருகிறவன், மிஸஸ் ஹோல்டின் மகள், கப்பலில் தனக்கு ஏற்பட்ட பயம் என்று இதுவரை என்னிடம் சொல்லாததை எல்லாம் சொன்னாள். சொல்லிக்கொண்டே போனவள், என் முகத்தைப் பார்க்காமல், "அப்புறம் என்ன ஆச்சு தெரியுமா மாமி," என்றாள். என்ன சொன்னோம் என்பது அவளுக்கே தெரியவில்லை. நான் திருத்தவில்லை. கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, "ம்," என்றேன்.