சிவகாசிக்காரர்களிடம் தீப்பெட்டி இல்லை

போன ஞாயிற்றுக்கிழமை, ஒரே ஒரு தீக்குச்சிக்காகக் கடற்கரை மணலில் ஒன்றரை கிலோமீட்டர் நடந்தேன்.

இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? நான் சிவகாசிப் பக்கத்துக்காரன். திருத்தங்கலில் தீப்பெட்டிக்கு லேபிள் அச்சடிக்கிற பிரஸ் வைத்திருப்பவன். என்னோடு வேனில் வந்த பதினெட்டுப் பெண்களும் வெடி ஆபீஸில் வேலை பார்க்கிறவர்கள். பட்டாசுத் தொழிற்சாலையை நாங்கள் வெடி ஆபீஸ் என்றுதான் சொல்வோம்.

அத்தனை பேரில் ஒருவரிடமும் தீப்பெட்டி இல்லை!

முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். என் அண்ணன் மனைவி செல்லத்தாய் — எனக்கு மதினி — ஓர் ஆபீஸில் போர்மேன். ஆமாம், பெண்ணாக இருந்தாலும் போர்மேன்தான். அவர் பொறுப்பில் இந்தப் பதினெட்டுப் பேர். சீசன் ஆரம்பிக்கும்போதே மதினி ஒரு வாக்குக் கொடுத்திருந்தார்.

"ஆர்டர் முடியட்டும். தீவாளி லீவுல உங்க எல்லாத்தையும் கடலுக்குக் கூட்டிட்டுப் போயி, எங் கையால மீன் கொளம்பு வச்சுப் போடுறேன்."

மாதக்கணக்கில் இதே பேச்சாகத்தான் இருந்திருக்கிறார்கள். கடல் என்றால் அவர்களில் பாதிப் பேருக்குத் திருச்செந்தூர்தான். கூட்டத்தோடு கூட்டமாகக் கால் நனைத்துவிட்டு, செருப்பைத் தேடிக்கொண்டு திரும்பியதோடு சரி.

நாங்கள் போனது அப்படிப்பட்ட இடம் இல்லை. சாத்தூர் தாண்டி, இருக்கன்குடி மாரியம்மனுக்கு வேனில் இருந்தபடியே ஒரு கும்பிடு போட்டு, விளாத்திகுளம் வழியாக வேம்பார் பக்கம். பெயர்ப்பலகைகூட இல்லாத ஒரு கரை. சுண்டல் இல்லை, குதிரை இல்லை, பலூன் சுடுகிற துப்பாக்கி இல்லை. பனை மரங்கள், மணல், அதட்டாத சின்னச் சின்ன அலைகள். அவ்வளவுதான். அவ்வளவு போதாதா?

பதினெட்டுப் பேரும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினார்கள். "இடுப்புக்கு மேல ஒருத்தி போகக் கூடாது!" என்று கரையில் நின்று சத்தம் போட்டுவிட்டு, மதினி பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை தலை எண்ணினார். முத்துமாரி என்று ஓர் அம்மா, முழங்கால் தண்ணீரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

"ஏட்டி, இங்கன வந்தும் ஒக்காந்தே இருக்கியே?" என்று கேட்டார் மதினி.

"இருக்கட்டும்க்கா. வருசம் பூராம் ரூமுக்குள்ள வெடிச்சரம் பின்னிக்கிட்டு ஒக்காந்திருந்தேன். இன்னிக்கு அலை வந்து என்னைய ஆட்டட்டும்."

மதியம் ஆனது. கரைக்கு வந்த வள்ளத்தில், கூடவே வந்திருந்த அண்ணன் பளபளவென்று விளமீன் வாங்கி வந்தார். விருதுநகர் மிளகாய் வத்தலை அரைத்துச் சேர்த்த மசாலா வீட்டிலிருந்தே வந்திருந்தது. மூன்று கல் வைத்து, காய்ந்த பனை மட்டை பொறுக்கி, சட்டியை ஏற்றியாகிவிட்டது.

"தம்பி, பையில தீப்பெட்டி இருக்கு பாருங்க, எடுங்க" என்றார் மதினி.

பையைக் கவிழ்த்துப் பார்த்தேன். உப்பு, புளி, கரண்டி... தீப்பெட்டி இல்லை.

"ரெண்டு பெட்டி வச்சேனே!" என்றார் அண்ணன்.

மதினி முகம் மாறிவிட்டது. அப்படியே மணலில் உட்கார்ந்தார். "அய்யய்யோ... அது நம்மூரு டீக்கடையில இருக்கு."

விஷயம் இதுதான். தினமும் காலையில் ஆபீஸ் கேட்டில் நின்று, உள்ளே போகிற ஒவ்வொருவர் பையையும் சோதிப்பது மதினியின் வேலை. தீப்பெட்டி, லைட்டர், பீடி, செல்போன் — எல்லாம் வெளியே. இருபத்திரண்டு வருஷப் பழக்கம். அன்று விடியற்காலையிலும் வேன் கதவருகே அதே மாதிரி நின்றிருக்கிறார்! பதினெட்டுப் பேரும், சொல்லாமலே, கூடையைத் திறந்து காட்டிவிட்டு ஏறியிருக்கிறார்கள். சமையல் பையிலிருந்த இரண்டு தீப்பெட்டி, டிரைவர் சட்டைப் பையிலிருந்த லைட்டர் — எல்லாவற்றையும் டீக்கடையில் கொடுத்து, "வச்சிருங்கண்ணே, சாயங்காலம் வாங்கிக்கிடுறோம்" என்றிருக்கிறார். நானும்தான் பையைக் காட்டினேன். கடலுக்குப் போகிறவனுக்கு எதற்குச் சோதனை என்று எனக்கே தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? ஊர் அப்படி.

"சிவகாசி டிரிப்புக்கு வந்து தீப்பெட்டி இல்லாமப் பட்டினி கெடந்த மொத டிரைவர் நாந்தான்" என்றார் விருதுநகர் டிரைவர். வேனில் சிகரெட் பற்றவைக்கிற குமிழ் எப்போதோ தொலைந்து, அந்த ஓட்டையில் சார்ஜர்தான் இருந்தது.

எல்லோரும் சிரித்தார்கள். மதினி சிரிக்கவில்லை. கண் நிறைந்துவிட்டது. "எம்புட்டு நாளா ஆசை காட்டிட்டு, கூட்டியாந்து பட்டினி போட்டுட்டேனே..."

முத்துமாரி தண்ணீரைவிட்டு எழுந்தது அப்போதுதான். சொட்டச் சொட்ட வந்து, இரண்டு கைகளையும் மதினி முகத்துக்கு நேராக விரித்துக் காட்டினார்.

"எண்ணிக்கோங்கக்கா. பத்தும் இருக்கு. நம்ம ரூம்ல எல்லாருக்கும் இருக்கு. நீங்க பையத் தடவிப் பாக்கப் போய்த்தான் இன்னிக்குக் கடல்ல வெளையாடுறோம். சோறு ஒரு மணி நேரம் தள்ளிப் போனா என்ன கொறஞ்சு போச்சு?"

அதற்குப் பிறகு என்னால் அங்கே நிற்க முடியவில்லை. நடந்தேன். பனங்காட்டைத் தாண்டி, நெத்திலி காயவைத்துக்கொண்டிருந்த ரோசம்மாள் என்ற அம்மாவிடம் தீப்பெட்டி கேட்டேன்.

"எந்தூர்ல இருந்து வாரீய?"

சொன்னேன். அந்த அம்மா சிரித்த சிரிப்பில் காகம் எல்லாம் பறந்துவிட்டது. "சிவகாசிக்காரியளுக்கு வேம்பார்க்காரி தீப்பெட்டி குடுக்கணுமாக்கும்! இருங்க, நானே வாரேன். இத நான் கண்ணால பாக்கணும்." பெட்டியை என் கையில் வைத்தார். மயில் படம். என் பிரஸ்ஸில் அடித்த லேபிள்தான்... பச்சை கொஞ்சம் தூக்கல்.

மதினி குச்சியை உரசினார். உரசின அந்த நொடியில், சுற்றி நின்ற பதினெட்டுப் பேரும் ஒரே மாதிரி நாலடி பின்னால் போனார்கள்! யாரும் சொல்லவில்லை. கால் தானாகப் போனது. மறைப்பு விலகியதும் கடல் காற்று வந்து குச்சியை அணைத்துவிட்டது.

"ஏட்டி, இது கொளம்புடி! வெடிக்காது. பக்கத்துல வந்து காத்த மறைங்க!"

ரோசம்மாள் சிரிப்பை நிறுத்திவிட்டு அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "எம்புட்டுச் சூதானம்!" என்றார் என்னிடம். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. என்னவோ நானே பழக்கிவிட்டது போல!

எங்கள் ஊர் என்றாலே வெளியூர்க்காரர்களுக்கு விபத்துச் செய்திதான் ஞாபகம் வருகிறது. விபத்து நடக்காத ரூம்களைப் பற்றி யார் எழுதுகிறார்கள்? அங்கே ஒரு செல்லத்தாய் தினமும் கேட்டில் நிற்பது எந்தப் பேப்பரில் வருகிறது? அதனால்தான் இந்த வாரம் நான் எழுதுகிறேன். எழுதுவதில் எனக்குப் பெருமைதான், மறைப்பானேன்?

குழம்பு எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். மூன்றாவது தடவை சோறு வாங்கிய ரோசம்மாளைக் கேளுங்கள்.

சாயங்காலம் வேன் கதவருகே மதினி மறுபடியும் நின்றார். கூடைகள் திறந்தன. டிரைவர் தானாகவே சட்டைப் பையைத் திருப்பிக் காட்டினார். என் முறை வந்தது. ஞாபகத்துக்கு இருக்கட்டும் என்று ரோசம்மாள் கொடுத்த அந்த மயில் பெட்டி என் பையில்!

"தம்பி?"

"என் லேபிள், மதினி..."

"லேபிள் ஒங்களோடதுதான். உள்ள குச்சி இருக்குல்ல?"

குச்சிகளை ரோசம்மாள் கையில் கொட்டிவிட்டு, வெறும் கூட்டோடு வேனில் ஏறினேன்.

கிளம்புமுன் மதினி தலை எண்ணினார்: பதினெட்டு. நான் என் பங்குக்கு விரல் எண்ணினேன்: நூற்றெண்பது!