வெள்ளைன்னா விழுப்புரம்

எங்கள் அப்பாவுக்கு விதைக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பார்த்து வாங்கத் தெரியும். உழவு மாடு பார்த்து வாங்கத் தெரியும். அந்தத் தைரியத்தில், எனக்குப் பயிற்சிக்கூடத்தையும் தானே பார்த்து முடிவு பண்ணிவிடுவதாகக் கிளம்பினார். என் தலைவலி அங்கேதான் ஆரம்பித்தது.

எண்பதுகளின் நடுப்பகுதி. பிளஸ் டூ முடித்துவிட்டு அனந்தபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் சும்மா உட்கார்ந்திருந்தேன். விழுப்புரத்திலும் பாண்டியிலும் தனியார் ஆஸ்பத்திரிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. கட்டில் வாடகை, ஊசி, மருந்து, ஆபரேஷன் என்று தனித்தனியாகப் போட்டு நோயாளிக்கு பில் எழுத அவர்களுக்கு ஆள் தேவைப்பட்டது. அந்த வேலையைக் கற்றுத் தருகிறோம் என்று சில இடங்களும் கிளம்பியிருந்தன. ஒருமுறை அம்மாவை விழுப்புரத்தில் டாக்டரிடம் அழைத்துப்போனபோது, கவுண்டருக்குப் பின்னால் ஒரு பெண் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து பில் எழுதிக்கொண்டிருந்தாள். பெரிய மீசை வைத்தவர்கள்கூட அவள் முன்னால் பணிவாக நின்றார்கள். எனக்கு அந்த வேலைதான் வேண்டும் என்று அன்றைக்கே பித்துப் பிடித்துவிட்டது.

அப்பா சம்மதித்தார், ஆனால் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு. "ஒரு வருசம் உடறேன். நல்ல எடமாப் பாத்துச் சேத்து உடறேன். படிச்சி முடிச்சி வேல கெடைக்கலன்னா, தையில கல்யாணம். ரெண்டாவது தபா கேக்கக் கூடாது." மாப்பிள்ளையும் தயாராக இருந்தார், அத்தை மகன். கெட்டவர் இல்லை. எங்கள் வீட்டுக்கு வந்தால் சாப்பிடுவார், டிராக்டரைப் பற்றிப் பேசுவார், மறுபடியும் சாப்பிடுவார். அவரோடு ஆயுசு முழுக்க உட்கார்ந்திருப்பதை நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டியது. ஆக, சேருகிற இடம் தப்பாகப் போனால் நானும் தொலைந்தேன்.

முதலில் விழுப்புரம். கண்ணாடிக் கதவு, கதவுக்குப் பின்னால் டை கட்டிய முதலாளி. எங்களை உட்கார வைத்து, கடையிலிருந்து கலர் வாங்கி வரச் சொல்லி, பாட்டிலைத் தன் கையாலேயே திறந்து அப்பாவிடம் கொடுத்தார். அப்பா அந்தக் கணத்தில் விழுந்துவிட்டார். "நூத்துக்கு நூறு வேல கேரண்டிங்க ஐயா. எங்க பொண்ணுங்க போவாத ஆஸ்பத்திரி கெடையாது" என்றார் முதலாளி. சுவர் முழுக்க, வேலை கிடைத்த பெண்களின் போட்டோக்கள். நான் எழுந்துபோய்ப் பார்த்தேன். மேல் வரிசையில் மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற பெண்ணும், கீழ் வரிசையில் பாண்டி ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற பெண்ணும் ஒரே பெண். புடவை மட்டும்தான் வேறு.

வெளியே வந்ததும் அப்பாவிடம் சொன்னேன்.

"அக்கா தங்கச்சியா இருக்கும்" என்றார்.

"ரெண்டு பேருக்கும் ஒரே எடத்துல மச்சமா?"

"ஒரே வயித்துல பொறந்தா இருக்காதா?"

வகுப்பைப் பார்க்கலாமா என்று நான் கேட்டதற்கு முதலாளி அன்றைக்கு லீவு என்றது, என்ன பாடம் என்று கேட்டதற்குச் சேர்ந்த பிறகு தெரியும் என்றது எதுவுமே அப்பாவின் காதில் ஏறவில்லை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கண்ணாடிக் கதவையே புகழ்ந்துகொண்டு வந்தார்.

அடுத்து திண்டிவனம். சிமென்ட் கடைக்கு மேலே ஒரு மாடி. பெஞ்சுகளில் பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்து, இல்லாத நோயாளிகளுக்கு பில் எழுதிக்கொண்டிருந்தார்கள். மூக்குப்பொடி போடுகிற வாத்தியார் எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்த ஆம்பளைக்கு பிரசவ அறை வாடகையைச் சேர்த்து எழுதிவிட்ட ஒரு பையனைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். "கொழந்த ஆணா பொண்ணான்னும் எழுதுடா, பாப்போம்" என்று அவர் கத்தியதில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு என்னைப் பார்த்து, "ஒக்காரு. சாய்ந்தரம் வரைக்கும் சும்மா இருந்து பாரு. புடிச்சா சேரு" என்றார்.

"வேல வாங்கிக் குடுப்பீங்களா?" என்று கேட்டார் அப்பா.

"அது என் கையில இல்ல. எழுதக் கத்துக் குடுப்பேன். வேலய ஒங்க பொண்ணுதான் போயி வாங்கிக்கணும்."

அவ்வளவுதான். அப்பாவின் முகம் மாறிவிட்டது. கலரும் இல்லை, நாற்காலியும் இல்லை, கேரண்டியும் இல்லை. "தைரியமா ஒரு வார்த்த சொல்ல முடியல அந்த ஆளால. அவன்கிட்ட நீ இன்னாத்தக் கத்துக்கப் போற?" உண்மையைச் சொன்ன ஒரே காரணத்துக்காக ஒரு மனுஷன் மேல் கோபப்பட்டவரை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. போதாக்குறைக்கு, திண்டிவனத்தில் படித்தால் கிளியனூரில் சித்தி வீட்டில் தங்க வேண்டும். விழுப்புரத்துக்கு எங்கள் ஊரிலிருந்தே பஸ் உண்டு.

நான் விடவில்லை. அம்மாவுக்கு முட்டிவலி என்று சொல்லி, அவளைக் கூட்டிக்கொண்டு மறுபடியும் விழுப்புரம் போனேன். அம்மாவுக்கு வலி எதுவும் இல்லை. ஆனாலும் ஆஸ்பத்திரி வாசலில் காலை நன்றாகவே நொண்டினாள், இடது காலா வலது காலா என்பதை மட்டும் அடிக்கடி மறந்துகொண்டு. அம்மாவின் மறதி எங்கள் வீட்டில் பிரசித்தம். ரசத்துக்கு இரண்டு தரம் உப்புப் போடுவாள், வேறு ஊர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொள்வாள்.

முன்பு பார்த்த அதே பில் எழுதுகிற பெண்ணிடம் இரண்டு இடங்களைப் பற்றியும் கேட்டேன். "கண்ணாடிக் கதவா? அங்கேருந்து ஒரு பொண்ணு வந்துச்சிங்க. ஊசி எது, மாத்தர எதுன்னு பிரிச்சி எழுதத் தெரியல. ரெண்டே நாள்ல அழுதுகினு போயிடுச்சி" என்றாள். மூக்குப்பொடி வாத்தியாரைப் பற்றிக் கேட்டேன். "ரொம்பத் திட்டுவாராம். ஆனா அவர்கிட்ட படிச்சவங்க இங்க ரெண்டு பேர் இருக்காங்க." தெருக்கோடியில் இருந்த இன்னோர் ஆஸ்பத்திரியிலும் கேட்டேன். ஏறக்குறைய அதே பதில்தான். அம்மா என் பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து மூச்சு விடாமல் எல்லாவற்றையும் அப்பாவிடம் சொன்னேன். "அவளுக்குப் பொறாமை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது. சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. நான்கு நாள் வீட்டில் சண்டை. ஐந்தாம் நாள் அப்பா, "இன்னா பேஜாராப் போச்சி. சாமியக் கேட்டுடலாம். பனமலைக்குப் போயி பூக்கட்டிப் பாத்துடலாம்" என்றார்.

நான் கால் தேய அலைந்து விசாரித்ததெல்லாம் வீண். இனிமேல் என் தலையெழுத்து இரண்டு பூப்பொட்டலத்தில்.

பிரதோஷத்தன்று போனோம். அடிவாரத்தில் அம்மாதான் தெளிவாகச் சொன்னாள்: "வெள்ளைன்னா விழுப்புரம், செவப்புன்னா திண்டிவனம்." அப்பா தலையாட்டினார். நந்தியாவட்டை ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம், ஒன்றுபோலவே இலையில் மடித்துக் கட்டினேன். குருக்கள் இரண்டையும் சாமி பாதத்தில் வைத்து, தீபாராதனை காட்டி, ஒன்றை எடுத்துப் பிரித்தார்.

வெள்ளை.

கண்ணாடிக் கதவும் டிராக்டரும் வரிசையாகக் கண் முன்னால் வந்து நின்றன. அந்த நேரத்தில் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு உரக்கச் சொன்னாள்: "திண்டிவனம்! சாமியே சொல்லிட்டாரு."

"இன்னாடி ஒளர்ற? வெள்ளைன்னா விழுப்புரம்."

"செவப்புதாங்க விழுப்புரம். நான்தான சொன்னேன்?"

"நீ சொன்னதத்தான்டி நானும் சொல்றேன்!"

குருக்கள் பிரசாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். எனக்கு அம்மா மேல் அப்படி ஒரு ஆத்திரம். மலை ஏறி வருவதற்குள் மறந்துவிடுகிற ஒருத்தியிடமா என் வாழ்க்கையைக் கொடுத்தோம்? கடைசியில் அப்பா என் பக்கம் திரும்பினார்.

"பூவக் கட்னவ நீதான? சாமி முன்னாடி நின்னுகினு இருக்க. நீ சொல்லு. வெள்ளைன்னா எது?"

அம்மா என்னைப் பார்க்கவில்லை. திருநீற்றை எடுத்துப் பொறுமையாக நெற்றியில் பூசிக்கொண்டிருந்தாள்.

"திண்டிவனம்" என்றேன்.

அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அப்ப சரி. எனக்குத்தான் மறந்துடுச்சி போலக்குது" என்றார். அவர் சந்தேகப்பட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது. இறங்கும்போது மட்டும், "எவ்ளோ நல்ல கண்ணாடிக் கதவு" என்று ஒருமுறை முனகினார்.

சித்தி வீட்டில் தங்கிப் படித்தேன். வாத்தியாரிடம் தினமும் திட்டு வாங்கினேன். தை பிறப்பதற்கு முன்னால் பாண்டியில் ஓர் ஆஸ்பத்திரியில், ஃபேனுக்குக் கீழேயே, இடம் கிடைத்தது. அத்தை மகனுக்கு வேறு இடத்தில் பெண் பார்த்தார்கள். சாப்பாடு போட அலுக்காத பெண் என்று கேள்விப்பட்டேன்.

வேலை கிடைத்த செய்தியோடு வீட்டுக்குப் போனபோது, அப்பா மல்லாட்டை பிடுங்குகிற இடத்தில் இருந்தார். அம்மா, "ஜல்தி கெளம்பு. பனமலையில தேங்கா ஒடைக்கணும்" என்று தேங்காயோடு நின்றாள். பாதி மலை ஏறிய பிறகு எனக்குப் பொறுக்கவில்லை.

"அன்னிக்கி வெள்ளைன்னா விழுப்புரம்தாம்மா. நீ மறந்துட்டே. நான் சாமி முன்னாடி நின்னு பொய் சொல்லிட்டேன்."

அம்மா மூச்சு வாங்க ஒரு படியில் நின்றாள்.

"நான் எங்கடி மறந்தேன்? சாமிக்கு ஆஸ்பத்திரி பில்லப் பத்தி இன்னா தெரியும்? நீதான எல்லா எடத்துக்கும் போயி விசாரிச்சே?"

தேங்காயை என் கையில் கொடுத்துவிட்டு மேலே ஏறத் தொடங்கினாள்.