பின்விளக்கு அக்கா

முதலில் கையைக் கழுவுகிறார். சோப்புப் போட்டு, முழங்கை வரை. துடைத்த பிறகு வலது கட்டைவிரலை மட்டும் கன்னத்தில் ஒருமுறை வைத்து, ஈரம் போய்விட்டதா என்று பார்த்துக்கொள்கிறார். அதன்பிறகுதான் காரின் பின்பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, விரிசல் விட்ட சிவப்பு விளக்கின் மேல் அந்தக் கட்டைவிரல் நகத்தை வைக்கிறார். கண்ணை மூடிக்கொள்கிறார். வண்டிக்காரர் பக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நான் என் மேசையிலிருந்து எட்டிப் பார்க்கிறேன். ஆறு வருஷமாகப் பார்க்கும் காட்சிதான். ஆனாலும் எட்டிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

நகம் விரிசலின் குறுக்கே மெல்லப் போகிறது. "வெளியில அடி பட்டிருந்தா நகம் மாட்டும். உள்ள ஸ்குரூவ ரொம்ப இறுக்கி, அதுல தானா விரிஞ்சிருந்தா, மேல தடவினா ஒண்ணுமே தெரியாது. வழுக்கிட்டுப் போயிரும்" என்பார். வழுக்கினால் அது கம்பெனியின் குற்றம். வாரண்டியில் புது விளக்கு வரும். மாட்டினால் இடித்தவர் குற்றம். அவரே வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். பிறகு டார்ச் அடித்துப் பார்ப்பதும் விளக்கைக் கழற்றிப் பார்ப்பதும் உண்டு. அதெல்லாம் மற்றவர்கள் திருப்திக்காக. தீர்ப்பு நகத்திலேயே முடிந்துவிடும்.

மற்ற ஒன்பது நகங்களையும் ஒட்ட வெட்டிவிடுகிறார். இந்த ஒன்றுக்கு மட்டும் ராஜ மரியாதை. பெயின்ட் அடிக்கும் பகுதியிலிருந்து தேய்ந்துபோன உப்புத்தாளை வாங்கிவந்து, திங்கட்கிழமை காலையில் ஜன்னலோரம் நின்று அதன் ஓரத்தைப் பதமாகத் தேய்ப்பார். அந்த நேரத்தில் மேனேஜர் கூப்பிட்டாலும் "ரெண்டு நிமிஷம் சார்" என்றுதான் பதில் வரும். மேனேஜரும் காத்திருப்பார். நான் கூப்பிட்டுக் காத்திருக்க வைத்தால் என்ன ஆகும் என்று சோதித்துப் பார்க்கும் துணிச்சல் எனக்கு இதுவரை வந்ததில்லை.

எங்கள் சர்வீஸ் சென்டரில் எல்லோருக்கும் அவர் அக்காதான். என்னைவிட நாலு வயது சின்னவர். ஊரோடு ஒத்துப்போக வேண்டுமே என்று நானும் அக்கா என்கிறேன். அவர் என்னை அண்ணே என்கிறார். எங்கள் இருவரில் யார் மூத்தவர் என்று புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள் ஒரு வாரமாவது குழம்புவார்கள்.

வாரண்டி மேசை எனக்கு வந்திருக்க வேண்டியது. இதை நான் யாரிடமும் சொல்லாமல் இருந்ததில்லை. நான் டிப்ளமோ படித்தவன். சான்றிதழைக் கண்ணாடி போட்டு நாற்காலிக்குப் பின்னால் மாட்டியிருக்கிறேன். அவர் உதிரிபாகக் கிடங்கில் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தவர். பழைய வாரண்டிக்காரர் வேலையை விட்டுப் போன அன்று எனக்குக் காய்ச்சல். மூன்று நாள் விடுப்பு. "அதுவரைக்கும் நீ பாத்துக்கம்மா" என்று மேனேஜர் அவரை உட்கார வைத்தார். நான் திரும்பி வந்தபோது அந்த மேசையில் ஒரு துணி விரித்து, தண்ணீர் பாட்டில் வைத்து, குடித்தனமே நடந்துகொண்டிருந்தது. அந்தக் காய்ச்சலை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அவர் எழுதும் கடிதத்தைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இரண்டே வரி. 'விளக்கு உள்ளிருந்து விரிந்துள்ளது. அடி இல்லை.' அவ்வளவுதான். படத்துக்கு அளவு காட்ட, விரிசலுக்குப் பக்கத்தில் தன் தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவி வைத்துப் படமெடுத்து அனுப்புவார். கம்பெனியிலிருந்து மறுநாளே சம்மதம் வந்துவிடும். அவர் விடுப்பில் போகும் நாட்களில் நான் அனுப்புவேன். மேலான கவனத்திற்கு என்று தொடங்கி ஒரு முழுப் பக்கம். எஃகு ஸ்கேல் வைத்து நாலு பக்கமிருந்தும் படங்கள். பதினான்கு அனுப்பியதில் பதினொன்று திரும்பி வந்தன. அவர் அனுப்பியதில் ஆறு வருஷத்தில் ஒன்றுகூடத் திரும்பியதில்லை. கம்ப்யூட்டரில் அவர் பெயருக்கு நேரே 'திரும்பியவை' என்ற கட்டத்தில் ஒரு பூஜ்யம் உட்கார்ந்திருக்கிறது. காலையில் வந்ததும் முதல் வேலையாக அதைத்தான் பார்க்கிறேன். ஒரு நாளாவது ஒன்றாக மாறியிருக்காதா என்ற நப்பாசை.

விளக்குகளோடு பேசுவார். "என்னடா ஆச்சு உனக்கு? யாரு இடிச்சா?" வண்டிக்காரரிடம் கேட்பதற்கு முன் விளக்கிடம் கேட்டுவிடுவார். முடியாது என்று யாரிடமும் வாயால் சொன்னதில்லை. ஒருமுறை ஆஜானுபாகுவான ஒருவர் வந்து, பின்விளக்கு தானாகவே விரிந்துவிட்டது என்று என்னிடம் அரை மணி நேரம் காது கிழியக் கத்தினார். அக்கா எழுந்து வந்தார். அந்த மனிதரின் ஆள்காட்டி விரலைப் பிடித்து, பள்ளிக்கூடப் பிள்ளைக்கு எழுதப் பழக்குவதுபோல விரிசலின் மேல் இழுத்தார். "தொட்டுப் பாத்தீங்களா? இங்க ஒரு சின்னப் பள்ளம் இருக்குல்ல? எந்த உயரத்துல இருக்கு பாருங்க. வீட்ல சைக்கிள் ஓட்டுற பிள்ளைங்க இருக்காங்களா?" அந்த மனிதர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. மகள் இரண்டு நாளாகத் தன் கண்ணில் படாமல் ஒளிந்து திரிவது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்ததாம். போகும்போது நன்றி சொல்லிவிட்டுப் போனார். கிடையாது என்றவருக்கு நன்றி! கிடைக்கும் என்று நான் எழுதிக் கொடுத்தவர்கள்கூட எனக்கு நன்றி சொன்னதில்லை.

இந்த வயிற்றெரிச்சலை வீட்டில் போய்க் கொட்டலாம் என்றால் அங்கேயும் அவர்தான். மிக்ஸி மூடியில் விரிசல் விட்டபோது, "தானா விட்ருச்சுங்க. உங்க ஆபீஸ்ல அந்த அக்காகிட்டக் காட்டுங்களேன்" என்றாள் என் மனைவி. கட்டிய புருஷன் எதிரிலேயே டிப்ளமோவோடு உட்கார்ந்திருக்கிறேன்! பல்லைக் கடித்துக்கொண்டு மூடியைக் கொண்டுபோனேன். அக்கா நகத்தை வைத்தார். "கீழ விழுந்திருக்கு அண்ணே. நேரா இல்ல, மூலையில பட்டு விழுந்திருக்கு." சாயங்காலம் வீட்டில் கேட்டேன். மனைவி சீலிங்கைப் பார்த்தாள்.

ரகசியமாக நானும் ஒரு நகம் வளர்த்தேன். ஒன்றரை மாதம், கையைப் பேன்ட் பாக்கெட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டு நடமாடினேன். ஒரு மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், நின்றிருந்த வண்டிகளின் விளக்குகளை எல்லாம் கண்ணை மூடித் தடவிப் பார்த்தேன். எல்லாமே ஒன்றுபோலத்தான் இருந்தன. இரண்டு நாள் கழித்து அந்த நகம் சட்டைப் பொத்தான் போடும்போது உடைந்தது.

போன மாதம் கம்பெனியிலிருந்து ஒரு தகவல் வந்தது. எல்லா சர்வீஸ் சென்டர்களுக்கும் போய் வாரண்டி விளக்குகளைச் சோதிக்க மேற்பார்வையாளர் ஒருவர் வேண்டும். எங்கள் மேனேஜர் இரண்டு பெயர்களை அனுப்பினார்: அவர் பெயர், என் பெயர். எனக்கு அந்த வேலை வேண்டும். அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன். ஆனால் அதை நினைத்து நினைத்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. குறுக்கே நின்றது அந்த ஒரு பூஜ்யம்தான்.

அந்த வாரக் கடைசியில் என் காரைப் பின்னால் எடுக்கும்போது வீட்டு கேட் தூணில் மோதினேன். இடது பின்விளக்கில் விரிசல். வாரண்டி முடியப் பன்னிரண்டு நாள் பாக்கி. முதலில் என்னை நானே திட்டிக்கொண்டேன். பிறகு மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. அது வேலை செய்யாமலே இருந்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்த விளக்கின் முன்னால் உட்கார்ந்தேன். பாலிஷ் பசையும் பழைய பனியனும் வைத்துக்கொண்டு, விரிசல் மேல் நகம் மாட்டாதவரை தேய்த்தேன். நாலு மணி நேரம். அக்கா ஏமாந்து இதை அனுப்பிவைத்தால், கம்பெனிக்காரர்கள் விளக்கை வாங்கிப் பிரித்துப் பார்ப்பார்கள், மோதியதில் உள்ளே பிடிப்பு முறிந்திருப்பது தெரியும், திருப்பி அனுப்புவார்கள். பூஜ்யம் ஒன்றாகும். நிறுத்தியிருந்த வண்டியை யாரோ இடித்திருப்பார்கள் என்று நான் கையை விரித்துவிடலாம். ஒருவேளை அவர்களும் ஏமாந்தால் எனக்குப் புது விளக்கு. 'தானாக விரிந்தது' என்று படிவத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். பொய்ப் படிவம் கொடுக்கும் ஊழியர் அன்றே வேலையிலிருந்து நீக்கப்படுவார் என்று எங்கள் சுவரில் ஓர் அறிவிப்பு இருக்கிறது. அதை ஒட்டியவனே நான்தான்.

திங்கட்கிழமை, ஐந்து வண்டிகள் வரிசையில் நின்று, விளக்கைக் கழற்றிப் பார்க்க அக்காவுக்கு அவகாசமில்லாத நேரமாகப் பார்த்து என் காரையும் விட்டேன். அக்கா கையைக் கழுவினார். கட்டைவிரலைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, என் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடினார். நகம் விரிசலின் குறுக்கே வெண்ணெயில் போவதுபோலப் போயிற்று. எனக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது.

ஆனால் நகம் நிற்கவில்லை. விரிசலைத் தாண்டி விளக்கின் ஓரம் வரை போயிற்று. திரும்பி வந்தது. அவர் எழுந்து போய் வலது பக்க விளக்கைத் தடவினார். மறுபடி இடது பக்கம் வந்து, படிவத்தை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"அண்ணே, இங்க வாங்க."

போனேன். என் ஆள்காட்டி விரலைப் பிடித்தார்.

"வண்டி வாங்கி மூணு வருஷம் ஆகப்போகுது. கழுவிக் கழுவி விளக்கு முழுக்க மெல்லிசா ஒரு சொரசொரப்பு இருக்குது பாருங்க. எல்லார் விளக்குலயும் இருக்கும். இந்த நாலு விரல் அகலம் மட்டும் நேத்துத்தான் பொறந்த மாதிரி இருக்கு."

"அப்படியா?" என்றேன். அசடு வழிந்தது.

அவர் என் விரலை விட்டுவிட்டு என் தோள்பட்டையைப் பார்த்தார். "கை வலிச்சிருக்குமே" என்றார். கிண்டல் இல்லை. உண்மையாகவே கேட்டார். திட்டியிருந்தால் தேவலை என்று தோன்றியது.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் கையில் ஒரு காகிதத்தோடு வேகமாக வந்தார். "அக்கா, லெட்டர் வந்திருச்சு! உங்க பேருதான். அடுத்த மாசமே போகணும்." சொல்லிக்கொண்டே காரைப் பார்த்தார். "இது நம்மாளு வண்டியாச்சே. என்ன, வாரண்டிக்கா?"

இப்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். அக்கா உட்கார்ந்த வாக்கில் முழங்காலை லேசாகத் தூக்கினார். மடியிலிருந்த படிவம் மறைந்தது.

"இல்ல சார். எங்கயோ இடிச்சிட்டாரு. சும்மா பாக்கச் சொன்னாரு. தண்ணி உள்ள போகாம டேப் ஒட்டித் தர்றேன்னு சொன்னேன்."

"அதெல்லாம் அப்புறம் ஒட்டிக்கலாம். எல்லாரும் உங்களுக்காக நிக்கிறாங்க, வாங்க."

"இத முடிச்சிட்டு வர்றேன் சார்."

மேனேஜர் போனார். உள்ளே யாரோ கைதட்டத் தொடங்கியிருந்தார்கள். அக்கா சிவப்பு டேப்பை எடுத்து வந்தார். என் படிவத்தைத் தரையில் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் டேப்பை ஒட்டி, விரிசலின் நீளத்துக்குப் பிளேடால் கீறினார். டேப்போடு படிவமும் கிழிந்தது. வேண்டிய துண்டை உரித்துக்கொண்டு மிச்சத்தைக் கசக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டார்.

டேப்பை ஒரு நுனியில் வைத்து, நகத்தால் அழுத்தி அழுத்திக் காற்றை வெளியேற்றிக்கொண்டே மறுநுனிக்குப் போனார். பிறகு எழுந்து, கையை உதறிவிட்டு, கைதட்டல் வந்த பக்கம் நடந்தார்.

என் வேலையைக் காப்பாற்றிக் கொடுத்தவரைப் பார்த்து எனக்கு அந்த நேரத்தில் நன்றி வந்திருக்க வேண்டும். வரவில்லை. பொறாமைதான் வந்தது. குனிந்து, அந்த டேப்பில் ஒரு குறையாவது இருக்காதா என்று தேடினேன். கீழ் ஓரத்தில் கடுகளவு ஒரு காற்றுக்குமிழி இருந்தது. அப்பாடா என்று இருந்தது எனக்கு.

நாலு எட்டு போயிருந்த அக்கா நின்றார். திரும்பி வந்தார். "கொஞ்சம் தள்ளுங்க அண்ணே" என்று என்னை ஒதுக்கி, மறுபடி குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அந்தக் குமிழியை நகத்தால் மெல்ல ஓரத்துக்குத் தள்ளி வெளியேற்றினார்.